கொழுப்பில்லாத இறைச்சியும் ஒரு துண்டுச் சீஸும்

இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பி மூன்று கிழமையாகியிருந்தது. ஸ்காபரோவில், பதினான்காம் மாடியில் எங்கள் அப்பார்ட்மென்ட். விடிய ஐந்தரைக்கு மனைவி வேலைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னலடிக்குப் போவேன், பிரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன், திரும்ப ஜன்னலடி. உடம்புக்கு ஓய்வு கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வது சுகம்.

என்னை அரித்துக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரியில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஐந்து நிமிடம். உணவு ஆலோசகர் ஒரு பெண். கட்டிலடியில் வந்து நின்று, வேலையில் மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் மனைவி முந்திக்கொண்டாள். பதினொரு வருடமாகத் தானே கட்டிக் கொடுப்பதாகவும், வெளிச்சாப்பாடு நான் தொடுவதில்லை என்றும் பெருமையாகச் சொன்னாள். சோறு, பருப்பு, கீரை, மீன்குழம்பு, சொதி. தேங்காய்ப்பால் விடுவீர்களா என்று அந்தப் பெண் கேட்டார். ஒவ்வொரு நாளும் என்றாள் இவள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். கார் நிற்பாட்டிய இடத்துக்கு வந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர கையாலதானே இவ்வளவு நாளும் குடுத்தனான்" என்று அழுதாள்.

அன்றிலிருந்து வீட்டில் தேங்காய்ப்பால் இல்லை. எனக்கு அவித்த மரக்கறி. தனக்கும் அதையே போட்டுச் சாப்பிட்டாள். தண்டனைபோல.

உண்மை இதுதான். அவள் நாலு மணிக்கு எழும்பிச் சமைத்த சோறு ஒரு நாளும் என் வயிற்றுக்குள் போகவில்லை. என்னோடு வேர்ஹவுஸில் வேலைசெய்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் அதை விரும்பித் தின்றார். நான் எதிர்க் கடையில் அடி நீளத்தில் ஒரு ஸ்டேக் அன்ட் சீஸ் சாண்ட்விச் வாங்குவேன். கொழுப்பு ஊறிய மாட்டிறைச்சி, மேலே மூன்று அடுக்குச் சீஸ், பாண் முழுக்க பட்டர், போதாததற்கு மயோனிஸ். சுடச்சுடத் தின்றால் நாக்கு சொர்க்கம் போய் வரும். இதயம் போன இடம் வேறு.

இதை வீட்டில் சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வந்ததே இல்லை. அடுப்படி அலுமாரியின் மேல்தட்டில் சாமிப்படங்கள் இருக்கின்றன. வெளியே தின்கிற எங்கட ஆம்பிளைகள் ஊர்ப்பட்ட பேர். வீட்டில் கேட்பதும் இல்லை, அவர்கள் சொல்வதும் இல்லை.

ஒரு புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை இல்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொண்டேன். அந்தச் சாண்ட்விச்சையே கொழுப்பைக் குறைத்துச் செய்து, அவள் வரும்போது மேசையில் வைப்பது. அதைப் பார்த்து அவள் கேட்டால் மிச்சம் தானாக வாயில் வரும். இதுதான் திட்டம். ஆசையும் இருந்தது, அதை மறைத்து என்ன.

பிளாசாவுக்கு மெல்ல நடந்து போய், கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து வாங்கினேன். வந்ததும் செய்த முதல் வேலையே பிழை. கை பழக்கத்தில் இறைச்சியை மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவிவிட்டேன். ஸ்டேக்கை எந்த மடையன் கழுவுவான்? அதில் பாதியைச் சட்டியில் போட்டால் வதங்கவில்லை, தண்ணீர் விட்டு அவிந்தது. மஞ்சளாக, செருப்புத் தோல்போல. குப்பையில் போட்டேன்.

மிச்சப் பாதியைக் கடதாசியால் ஒற்றி, ஃப்ரீசரில் வைத்தேன். அரைவாசி உறைந்தால்தான் மெல்லிசாக வெட்டலாம். ஒரு மணித்தியாலம் வேண்டும். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் திறந்து பார்த்தேன். இடையில் சாமி அலுமாரியின் கதவைச் சாத்தினேன். மணம் போகட்டும் என்று பல்கனிக் கதவைத் திறந்து குளிரில் விறைத்தேன். அவளுடைய சட்டிகளில் கை வைக்காமல், எறிவதற்கு வைத்திருந்த பழைய சட்டியை எடுத்தேன்.

சட்டி நன்றாகக் காய்ந்ததும் ஒரு தேக்கரண்டி எண்ணெய். வெங்காயம், காளான், குடைமிளகாய் எல்லாவற்றையும் இறைச்சியைவிடக் கூடுதலாகப் போட்டு வதக்கி எடுத்தேன். பிறகு கடதாசி மாதிரி வெட்டிய இறைச்சி, மிளகுத்தூள், இரண்டே நிமிடம். பட்டர் பூசாத தவிட்டுப் பாணின் நடுச்சதையைக் கிள்ளி எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அடைத்து, மேலே ஒரேயொரு துண்டுச் சீஸை வைத்து மூடினேன். சீஸ் உருகி இறங்கியது. மணம் கடைக்குக் கிட்ட வந்தது. கடை இல்லை, ஆனால் கிட்ட.

இரண்டாக வெட்டி மேசையில் வைத்துவிட்டு பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பஸ் வந்து போனது. மூன்றாவதில் இறங்கினாள்.

கதவைத் திறந்ததும் மூக்கைச் சுழித்தாள். "என்ன மணம் உது?"

"மாட்டிறைச்சி. நான்தான் சமைச்சனான். இரும், ஒண்டு சொல்லவேணும்."

அவள் இருக்கவில்லை. கோட்டோடு நின்றபடி கேட்டாள். சாண்ட்விச், பதினொரு வருடம், எதிர்க் கடை, எல்லாம் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப என்ர சோத்தை ஆர் சாப்பிட்டது?"

சொன்னேன்.

"அந்தாளின்ர ஹார்ட் எப்பிடி?"

"ஒரு குறையும் இல்லை. என்னைவிட ரெண்டு வயசு கூட."

அவள் கதிரையில் பொத்தென்று இருந்தாள். "அப்ப நான் இல்லை" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு இன்னொருக்காலும் சொன்னாள். எனக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. தட்டை அவள் பக்கம் தள்ளி, "கொழுப்பு குறைச்சுத்தான் செய்தனான்" என்றேன். மடையன், மடையன்.

அவள் தட்டைப் பார்க்கவில்லை.

"மாடு திண்டதுக்கு எனக்குக் கோபமில்லை. மூண்டு கிழமையா நான் ஒரு கண் நித்திரை கொள்ளேல்லை. பக்கத்தில படுத்திருந்தனீங்கள். உங்களுக்கு அது தெரியுமோ தெரியாதோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.