மயில் எந்த மொழியில் ஆடியது?

ஆந்திரா தனி மாநிலமாகி, சித்தூர் மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகள் யாருக்கு என்று மேடைதோறும் சண்டை நடந்த நாட்களில்தான் எனக்குப் பரிசுகள் வரத் தொடங்கின.

எங்கள் ஊர் நகரி. நைனா தறி நெய்பவர். நான் ஓர் இசை நாடகக் கம்பெனியில் மயிலாக ஆடினேன். இரண்டாம் காட்சியில் வந்து, கால் மணி நேரம் ஆடி, வேடனின் அம்பு பட்டுச் செத்துப்போவேன். வசனம் கிடையாது. என் குரல் அப்படி என்பார் கம்பெனி நடத்திய வாத்தியார். அதே நாடகத்தை நகரியில் தமிழிலும் திருப்பதியில் தெலுங்கிலும் போடுவோம். மற்றவர்கள் இரண்டு மொழி வசனத்தையும் மனப்பாடம் செய்து திணறும்போது நான் வடை தின்றுகொண்டிருப்பேன்.

திருப்பதியில் நடந்த போட்டியில் முதல் பரிசு எனக்கு. வெள்ளிக் கோப்பையைக் கொடுத்த பெரியவர், "மன தெலுகு பிட்ட!" என்று, நம் தெலுங்குப் பெண் என்று, ஒலிபெருக்கியில் உரிமை கொண்டாடினார். முகத்தில் மயில் அலகு கட்டியிருந்ததால் நான் மறுத்துப் பேச வழியில்லை.

அடுத்த வாரம் நகரியில் எல்லைக் கூட்டம், அங்கேயும் எங்கள் நாடகம். பொன்னாடையும் பதக்கமும் கொடுத்து, "தமிழ் மண்ணின் மயில்" என்றார்கள். என் ஒவ்வோர் அசைவிலும் தமிழ்ப் பண்பாடு தெரிந்ததாகப் பேசியவர் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டம் நடந்தபோது வெளியே கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

செய்தி இரு பக்கமும் பரவியது. ஒரு காலையில் திருப்பதியிலிருந்து மூவரும் நகரி எல்லைக் குழுவிலிருந்து நால்வருமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நைனா தறியை நிறுத்தவில்லை.

"ஏம்மா, நீ இன்னா பாஷைல ஆடுன? நெஜத்தச் சொல்லு," என்றார் நகரிக்காரர் ஒருவர்.

"மயிலு பாஷைலண்ணா."

"வெளையாடாத. மனசுக்குள்ள தாளம் எண்ணுவ இல்ல? ஒண்ணு ரெண்டுன்னா, ஒகட்டி ரெண்டுன்னா?"

திருப்பதிக்காரர்களும் ஆவலாகக் குனிந்தார்கள்.

"நான் எண்ண மாட்டேண்ணா. மிருதங்கக்காரரு கையப் பாத்துக்கினே ஆடுவேன்."

ஏழு பேரும் மிருதங்கக்காரரைத் தேடிப் போனார்கள். அவர் மைசூர் எல்லையோரத்துக் குப்பம் ஊர்க்காரர். கன்னடத்தில் எண்ணுபவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

எனக்கு வருத்தம்தான். ஆட்டத்தைப் பற்றி விசாரிக்க அத்தனை பேர் வந்து, அதில் ஒருவர்கூட ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்லவில்லையே.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. வாத்தியார் கம்பெனியைத் தன் சொந்த ஊரான திருத்தணிக்குக் கொண்டுபோனார். நான் சித்தூரில் இன்னொரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயும் மயில்தான், அங்கேயும் சாவுதான்.

மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்து அலகைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, காய் விற்கும் பெண் ஒருத்தி ஒப்பனை அறைக்குள் நுழைந்தாள்.

"யக்கா, அந்தக் கடைசி சுத்துல கால எப்டி மடக்குற? மூணு நாளா பாத்துக்கினு கீறேன், புரியவே இல்ல."

ஆடிக் காட்டினேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு சுற்றிப் பார்த்து, துணிப்பெட்டியின் மேல் விழுந்தாள். "இன்னொரு தபா, மெதுவா," என்றாள் எழுந்திருக்காமலே. கோப்பைக்கும் பதக்கத்துக்கும் ஆடியதைவிடக் கவனமாக, அவளுக்காக மறுபடி ஆடினேன்.