புருஷன் கையெழுத்து

அந்த மாடி வீட்டில் தொழில் செய்த மற்ற நாலு பெண்களும் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தது ஆறாவது வரை; வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும். ஆணுறை வேண்டாமென்று அடம்பிடிக்கிறவனிடம், "செருப்பு வாசல்லதான் இருக்கு, மாட்டிக்கிட்டுக் கிளம்பு" என்பாள். பன்னிரண்டு வருடத்தில் ஒருவனிடம்தான் இளகினாள்.

அவன் லாரி டிரைவர். நாலு வருடப் பழக்கம். விடுதியில் படிக்கும் அவள் மகளுக்குப் புத்தகப்பை வாங்கித் தந்தவன், ஒழுகும் குழாயைச் சரிசெய்தவன். ஆணுறைப் பாக்கெட்டை எடுத்தால் மட்டும் முகம் சுண்டிவிடும்.

"நான் என்ன கஸ்டமரா?"

அந்தக் கேள்வி வந்தால் வக்கீலம்மா பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுவாள். ஒருத்தனுக்காவது பெண்டாட்டியாக இருந்துவிட்டுப் போவோமே என்ற ஆசை.

அந்த ஆசைக்காக இரண்டு முறை கருவைக் கலைத்தாள். இரண்டாம் முறை யாரோ சொன்ன மாத்திரையை விழுங்கி, மூன்று நாள் ரத்தப்போக்கில் கிடந்தாள். பக்கத்து அறைக்காரி ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும்.

உடம்பு தேறியதும் காப்பர்-டி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் படிவத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"புருஷன் வந்திருக்காரா? கையெழுத்து வேணும்."

"புருஷன் இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா இது?"

பெஞ்சிலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. மாறாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தொழில் பண்றேன் சிஸ்டர். ரத்தம் போனது எனக்கு, செத்துப் பொழைச்சது நான். கையெழுத்து மட்டும் எவனோ வந்து போடணுமா?"

"மெதுவாப் பேசும்மா."

"வாயைத் தொறக்காமதான் ரெண்டு தடவை கருவைக் கலைச்சேன்."

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டார். "அவங்க கையெழுத்தே போதும், உள்ள அனுப்புங்க" என்றார். போட்டு முடித்தபின், "இது கர்ப்பத்தைத்தான் தடுக்கும், நோயை இல்ல. உறையை விட்டுடாதீங்க" என்றார்.

"யார்கிட்டயும் விடமாட்டேன் டாக்டர்."

அடுத்த வாரம் டிரைவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலயே?"

"ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். "இனிமே உறையும் உண்டு" என்றாள்.

"அப்ப நானும் கஸ்டமர்தான்."

"கஸ்டமருக்கு நான் காரணம் சொல்றதில்ல. உனக்கு உட்கார வெச்சுச் சொல்றேன்."

அவன் போய்விட்டான். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். மறுவாரம் மாடி வீட்டுப் பெண்களில் இரண்டு பேரைக் காப்பர்-டி போட அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இரண்டு மாதம் கழித்து, எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் அவன் போன் செய்தான்.

"வரட்டுமா?"

"வா. ஆனா சொன்னது சொன்னதுதான்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"நல்லா யோசி" என்று போனை வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.