பிழை வரம்பு பூஜ்யம்

நம்பினால் நம்புங்கள். இது என் அக்கா கணவருக்கு நடந்தது. அவர் வாயாலேயே கேட்டேன். பொய் சொல்கிற நிலையில் அவர் அன்று இல்லை.

சூரியப் புயல்களை முன்கூட்டியே சொல்லும் மையத்தில் அத்தானுக்கு வேலை. சூரியன் கக்கியது எப்போது பூமிக்கு வந்து சேரும் என்று பெரிய கணினி நிரல் கணக்குப் போட்டு முடிக்க நான்கு நாள் ஆகும். அதற்குள் புயலே வந்துவிடும். அதனால் பெரியதன் விடைகளைப் பார்த்துப் பழகிய சின்ன நிரல் ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரே நொடியில் நேரம் சொல்லும். எத்தனை மணி நேரம் முன்பின் ஆகலாம் என்று பிழை வரம்பும் சொல்லும். பழைய புயல்களோடு ஒப்பிட்டு அதை அவ்வப்போது சரிப்படுத்த வேண்டும்.

அதை உருவாக்கியவள் அத்தானுக்குக் கீழே வேலை பார்த்தவள். பட்டப்பெயர் டீச்சர்.

“பெரிய புயலை இது பார்த்ததே இல்ல சார். வரம்பைக் குறைக்காதீங்க.”

எழுதியும் கொடுத்தாள். மேலிடத்தில் நல்ல பேர் வாங்க, பன்னிரண்டு மணி நேர வரம்பை அத்தான் இரண்டாகக் குறைத்தார். புயல் ஒன்பது மணி நேரம் முந்தி வந்தது. மின்சாரம் போய் மூன்று ஊர்கள் இருண்டன. விசாரணையில் அத்தான் டீச்சரைக் கைகாட்டினார். அவள் வேலை போனது. மறுவருடம் இறந்துவிட்டாள் என்று காதில் விழுந்தது. அவர் துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை. மதியம் 2.10. அறையில் அத்தான் மட்டும். நிரலைச் சரிப்படுத்தி ஓட்டினார்.

வந்து சேரும் நேரம்: இன்று 16.40. பிழை வரம்பு: 0.

சூரியன் அன்று துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு கரும்புள்ளிகூட இல்லை, புயல் வர வழியே இல்லை. பூஜ்யம் என்று அந்த நிரல் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுபடி ஓட்டினார். 16.40. பழைய புயல்களில் பாதியை நீக்கினார். 16.40. எந்தத் தரவும் கொடுக்காமல் ஓட்டினார்...

16.40.

மணி 3.25. கணினிப் பராமரிப்பாளரைப் போனில் கூப்பிட்டார்.

“என் மெஷின்ல யாராவது கை வச்சீங்களா?”

“இல்லையே சார். பக்கத்துல இருக்கறவங்களைக் கேளுங்களேன்.”

“இங்க யாரும் இல்ல.”



“ஒரு அம்மா நம்பர் படிக்கிறாங்களே சார்...”

போனை வைத்துவிட்டார்.

மாலை 4.31. எழுந்து போக நினைத்தார். கால் வரவில்லை.

4.38. டக்... டக்... யாரோ ஒவ்வொரு விசையாகத் தட்டும் சத்தம்.

4.39. கழுத்தருகே மூச்சு.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தபோது 5.15.

திரையில் ஒரு கடிதம். விசாரணைக் குழுவுக்கு, அத்தான் பெயரில் போயிருந்தது. எந்த நாளில் எந்த எண் மாறியது, பழி யார்மேல் விழுந்தது, எல்லாம் அதில் இருந்தது.

வேலை போனது. வழக்கு வந்தது. அறைக் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். 4.40 முதல் 5.15 வரை தட்டியது அத்தானேதான். வலது கை தொங்கிக் கிடந்தது. இடது கை மட்டும் ஓடியது.

“நான் இடது கையால டம்ளர்கூடத் தூக்கினதில்ல மாப்ள” என்றார்.

போன வாரம் டீச்சரின் தம்பியைத் தேடிப் போனேன்.

“வேலை போன மாசமே பக்கவாதம். வலது பக்கம் விழுந்துடுச்சு. அக்கா விடல. இடது கையால ஒவ்வொரு எழுத்தா ஒரு லெட்டர் தட்டினா. முடிக்கல.”

எடுத்துக் காட்டினார். ஒரு சொல்லின் பாதியில் நின்றிருந்தது.

அத்தான் பெயரில் போன கடிதம், அந்தச் சொல்லின் மறுபாதியில்தான் தொடங்குகிறது.