ஜெயராசா அண்ணன் உடைக்காத கம்ப்யூட்டர்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா ஜெயராசா அண்ணனுடையது. ‘கம்ப்யூட்டர ஒடச்சவன்’ என்றால்தான் தோட்டத்தில் அவரைத் தெரியும்.

இளவட்டத்தில் அவர், தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவில் வேலை செய்தார். துரை மகனுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. இப்போது உள்ளது மாதிரி இல்லை. எழுத்துக் கட்டைகள் பதித்த தட்டையான பெட்டி, டீவியில் கொழுவினால் எழுத்துத் தெரியும். சரஸ்வதி பூசையன்று கத்தி, கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அண்ணன், அதற்கும் சந்தனம் வைத்துக் கும்பிட்டார். மறுநாள் அது உயிர் பிடிக்கவில்லை.

“ஒன் சாமிதான்டா கெடுத்துச்சு” என்று துரை அவரைத் துரத்தி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார்.

அதைவிடக் கொடுமை, அண்ணனும் அதை நம்பிவிட்டார். பிறகு தன் கவ்வாத்துக் கத்திக்குக்கூட அவர் பொட்டு வைத்ததில்லை. கோயிலில் பூசைத்தட்டை நீட்டினாலும், தன் கை பட்டால் கெட்டுப்போகும் என்று ஒதுங்கி நிற்பார்.

போன வருசம் பங்களாவை ஹோட்டலாக்கினார்கள். ஸ்டோரில் இருந்து எறிந்த குப்பையில் அந்தப் பெட்டியும் கிடந்தது. செய்த பாவத்தைத் திருத்தணும் என்று அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினார். துணைக்கு நானும் போனேன்.

பஜாரில் பழைய டீவி திருத்தும் மிப்ரான் மூடியைக் கழற்றினார். சந்தனம் மூடிக்கு மேலேயே காய்ந்திருந்தது, உள்ளே ஒரு துளியும் இறங்கவில்லை. கட்டைகளுக்கு அடியில்தான் சிவப்பாகப் பாகு காய்ந்து, செத்த எறும்புகள் ஒட்டிக்கிடந்தன.

“அண்ணே, இதுல யாரோ சர்பத்த ஊத்தியிருக்காங்க. ஒங்க பொட்டு ஒண்ணுமே செய்யல.”

பங்களாவில் சர்பத் குடித்தது யார்? அண்ணனுக்குக் கிடைத்தது பால் இல்லாத சாயத்தண்ணி. ஒருத்தராவது மூடியைத் திறந்து பார்த்தார்களா? திறக்காமலே ஒரு மனுசன் மேலும் அவன் கும்பிட்ட சாமி மேலும் பழியைப் போட்டார்களே, அவர்களுக்கு மனசு எப்படி வந்தது?

மிப்ரான் பாகை ஸ்பிரிட் போட்டுக் கழுவி, எரிந்த சாமான் ஒன்றை மாற்றி, பழைய டீவியில் கொழுவினார். திரையில் எழுத்து வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

செய்தி போய், ஹோட்டல் மேனேஜரே லயத்துக்கு வந்தார். வெள்ளைக்காரர்கள் பார்ப்பதற்காக அந்தப் பெட்டியை முன் ஹாலில் வைக்கணுமாம். பக்கத்தில் அண்ணன் பெயரையும் எழுதி வைப்பாராம்.

“என்னன்னு எழுதுவீங்க, ஒடச்சவன்னா?” என்றார் அண்ணன். “மொதல்ல நான் ஒடைக்கலைன்னு, காலைல வேலை பிரிக்கிற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால தோட்டத்து ஆபீசு ஆளுங்கள சொல்லச் சொல்லுங்க. பொறகு வந்து பெட்டியக் கேளுங்க.”

தோட்டத்து ஆபீசில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார் மேனேஜர். இன்னும் வரவில்லை.