ரம்புத்தான் முடி

பாயான் பாரு பக்கத்தில், மடிக்கணினி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் பெட்டி தூக்கினேன். வலது முட்டி தேய்ந்த பிறகு எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும். கடைசியில் அது கிடைத்தது, கண் பார்வையை நம்பிக் கொடுத்தார்கள். எனக்கோ பக்கத்தில் இருக்கும் எதுவும் சரியாகத் தெரியாது.

புதிய திரைகளைச் சோதிக்கும் அறைக்கு, படிப்பு அதிகம் இல்லாத சாதாரண ஆள் ஒருவர் தேவைப்பட்டார். எங்கள் லீடர் அக்கா யோசிக்காமல் என்னைக் கை காட்டினார். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன், யாரிடமும் வாய் திறக்காதவன். என்னைவிடச் சாதாரணமான ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

அறையில் ஏர்கோன் இருந்தது. நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. மேசைமேல் இரண்டு மடிக்கணினிகள், இரண்டிலும் ஒரே படம்: ஒரு கொத்து ரம்புத்தான், மேலெல்லாம் முடி முளைத்த சிவப்புப் பழம். இன்ஜினியர் ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த பெண், முப்பது வயது இருக்கும். திரையின் புள்ளிகள் எவ்வளவு பொடியோ, படம் அவ்வளவு தெளிவு என்றார். இனி வரும் திரைகளில் அவை இன்னும் பொடியாகிக்கொண்டே போகுமாம். எது தெளிவு என்று நான் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சிவப்பாக, கலங்கலாக. தெரியவில்லை என்று சொன்னால் மறுபடியும் பெட்டிதான். தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கேட்டது. இடது பக்கத்து மடிக்கணினிக்குள் காற்றாடி உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் சத்தமே இல்லை. பெட்டி தூக்கியவனுக்கு இது போதும். புள்ளி கூடினால் பாரம் கூடும்; பாரம் கூடியவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

இடதைக் காட்டினேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

"முடி தனித்தனியா இருக்கு, மிஸ்."

எழுதிக்கொண்டார். சரியான விடையாம்.

அடுத்த வாரமும் சரி. அதற்கடுத்த வாரமும் சரி. தொழிற்சாலை முழுக்க என் கண்ணைப் பற்றிப் பேச்சானது. கேண்டீனில் எனக்கு மட்டும் கேரட் அள்ளிப் போட்டார்கள். லீடர் அக்கா வீட்டிலிருந்து பொன்னாங்கண்ணிக் கீரை கட்டிக்கொண்டு வந்தார். ஒருநாள் இரண்டு சேலைகளை என் முகத்துக்கு நேராக விரித்து, மகள் நிச்சயத்துக்கு எது எடுப்பாக இருக்கும் என்று கேட்டார். சேலைக்குள் காற்றாடி இல்லை. கனமாக இருந்ததைக் காட்டினேன். அதையே கட்டினார்கள்.

நான் காதைக் கொடுத்துக் கேட்பதற்காகத் தலையைச் சாய்ப்பேன். இன்ஜினியர் அதையும் கவனித்துக் குறித்துவைத்தார். பிறகு அதே வேலைக்கு வந்த மற்ற சோதனைக்காரர்கள் மூவரும் தலையைச் சாய்த்தே திரையைப் பார்க்கப் பழக்கப்பட்டார்கள். ஒருவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில் மட்டும் இந்தப் புகழ் எடுபடவில்லை. "மருந்து போத்தல கைய நீட்டிப் புடிச்சிப் படிக்கிற மனுசன், அங்க போயி என்னாத்த பாக்குறாரோ" என்று என் மனைவி சட்டியிடம் சொல்வார். மூக்குக் கண்ணாடி வாங்கச் சொல்லி அவர் ஓய்ந்துபோனார். கண்ணாடியோடு போனால் நாற்காலி போய்விடும் என்று நான் வாங்கவில்லை.

ஓர் ஆண்டு இப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை மேசைமேல் மூன்று மடிக்கணினிகள் இருந்தன. வருங்காலத் திரைகள் வந்துவிட்டன என்று இன்ஜினியர் சொன்னார். அதே ரம்புத்தான். தலையைச் சாய்த்தேன். ஒன்றிலும் சத்தம் இல்லை. மறுபக்கம் சாய்த்தேன். பின்னால் நின்ற மூவரும் மறுபக்கம் சாய்த்தார்கள்.

"இந்த மாடல்ல காத்தாடியே கிடையாதுண்ணே" என்று இன்ஜினியர் பெருமையாகச் சொன்னார்.

சூடாவது தெரியுமா என்று ஒவ்வொன்றின்மேலும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மூன்றும் பிணம்போலக் குளிர்ந்திருந்தன. அவர் அதையும் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. நாளைக்கு மூன்று பேர் கன்னத்தை வைப்பார்கள்.

"எனக்குத் தெரியல, மிஸ். எப்பவுமே தெரிஞ்சதில்ல. காத்தாடிச் சத்தத்த வச்சித்தான் சொன்னேன்."

பேனா நின்றது. மற்ற மூவரையும் வெளியே போகச் சொன்னார். என் கண்ணுக்கு முட்டிதான் தெரிந்தது, அதன்மேல் பெட்டி.

"அவங்க மூணு பேரும் அண்ணே சொன்னதத்தான் சொல்லுவாங்க. எனக்கே வித்தியாசம் தெரிஞ்சதில்ல. பேப்பர்ல இருக்கிற விடையத்தான் பார்ப்பேன்" என்றார். பேனாவை மூடி வைத்தார். "இந்த ரூம்ல தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாண்ணே. கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க லா. நாற்காலி எங்கயும் போவாது."

புதன்கிழமை மூக்குக் கண்ணாடியோடு போனேன். முதல்முறையாக முடி உண்மையாகவே தனித்தனியாக இருந்தது. மூன்றிலும்தான். எது தெளிவு என்று அவர் கேட்டார்.

"மூணும் ஒண்ணுதான், மிஸ். ஆனா பழத்துமேல ஒரு எறும்பு இருக்கு."

ஓர் ஆண்டாகப் பார்த்த படம். அவர் குனிந்து எறும்பைத் தேடினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, நான் செய்வதுபோலவே, மெதுவாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.