பழக்கடை அம்மாளின் குரல்

தென்காசியில் ஒரு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். மற்றவர்களின் குரலைச் சோதிப்பது என் வேலை. என் குரலோ நூல் மாதிரி. படிக்கிற காலத்தில் நான் சொல்லும் பதில் பின்பெஞ்சு வரை போனதில்லை.

சாரல் தொடங்கும் முன் ஒருநாள், குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கும் அம்மாள் ஒருவரை அவருடைய மருமகள் கூட்டிவந்தாள்.

"அத்தை வீட்டுலயும் கத்திக்கிட்டே இருக்காவ. பிள்ளை திடுக்குனு முழிச்சிருது. தொண்டைல எதுவும் இருக்கான்னு பாருங்க."

"அருவிக்கரைல கத்தலைன்னா எவன் பழம் வாங்குவான்?" என்றார் அந்த அம்மாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கனத்த, பிசிறில்லாத குரல். அப்போதே எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

மூச்சை இழுத்து 'ஆ' என்று நீட்டச் சொன்னேன். நீட்டினார், நீட்டிக்கொண்டே இருந்தார். கல்லூரியில் இதே சோதனையை எனக்குச் செய்தபோது பாதியில் இருமியவள் நான். இத்தனை வருஷம் கத்தியவருக்குக் கொஞ்சம் கரகரப்பாவது இருக்க வேண்டாமா? இல்லை. மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து 'பாப்பா' சொல்ல வைத்தேன். மூக்கு வழியாகக் காற்று கசிந்தால் கண்ணாடியில் ஆவி படியும்; படியவில்லை. 'ப, ட, க' என்று வேகமாகச் சொல்லச் சொன்னேன். நாக்கு ஓரிடத்திலும் இடறவில்லை. எதிலாவது ஒரு குறை கிடைக்காதா என்று மனசு தேடியது.

நடுநடுவே, "என்ன சொன்னிய?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "உங்களுக்குத்தாம்மா தொண்டை சரியில்ல போலுக்கு," என்றார். மருமகள் சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

கண்ணாடியைக் கழுவத் திரும்பியவள், அப்படியே, "எத்தனை வருஷமா கடை போடுதிய?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். இவ்வளவு நேரமும் என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். பழுது தொண்டையில் இல்லை, காதில்.

பக்கத்து அறையில் காதைச் சோதித்து, கருவி வாங்கி மாட்டிய பிறகு வீட்டில் சத்தம் அடங்கிவிட்டதாக மருமகள் வந்து சொன்னாள்.

சீசனில் மகளோடு குற்றாலம் போனேன். அருவிக்குப் போகும் வழியில் அவள் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினாள். கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"ஏட்டி மஞ்ச கவுனு, ஒங்கம்மா இங்கன நிக்கா."

அருவி இரைச்சலைத் தாண்டிப் போனது அந்தக் குரல். மகள் நின்றாள், திரும்பி ஓடிவந்தாள். வந்தது என்னிடம் இல்லை, பழக்கடைக்கு. அந்த அம்மாள் அவள் கையில் ஒரு பழத்தை வைத்தார். நன்றி சொன்னேன். அருவிக்கரையில் எதற்கு என்று கருவியைக் கழற்றி வைத்திருந்தார் போல, என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்: "நீ ஏம்மா அவங்கள மாதிரி கூப்பிடல?"

பழத்தை உரித்து அவள் வாயில் ஒரு சுளையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.