பேத்தி நடத்திய பாடத்தில் எங்கள் பொங்கல்

மூத்த பேரன் பேங்கில் மேனேஜர். இளையவன் மாட்டு டாக்டர். மகள் வயிற்றுப் பேத்தி கயல்விழி எல்லோரையும் தாண்டிவிட்டாள். கொரிய மொழியில் டாக்டர் பட்டம் வாங்கி, சியோலில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே மொழியியல் நடத்துகிறாள். நான் அஞ்சாம் கிளாஸ்.

இன்று மதுரை சிம்மக்கல்லில் அலங்காநல்லூர் பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டில் ஒரு காலேஜ் பெண் போனில் சத்தமாகப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. கயலின் குரல்!

"யாரு பாப்பா பேசுறது?"

"எங்க கொரியன் மிஸ், பாட்டி. ஆன்லைன்ல சொல்லித் தாராங்க. நம்ம மதுரைதான்."

என் பேத்தி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கயல் கொரியத்தில் ஏதோ சொல்ல, அந்தப் பெண் திருப்பிச் சொன்னது.

"என்னம்மா அர்த்தம்?"

"'பொங்கலுக்கு ஊருக்குப் போகல, வீட்டுல இன்னும் சொல்லல.' மிஸ் தன் வீட்டுக் கதையத்தான் உதாரணமாச் சொல்வாங்க."

"சும்மா பாடத்துக்குச் சொல்லியிருக்கும்."

"இல்ல பாட்டி, பொங்கலன்னைக்கே சியோல்ல இருந்து எங்களுக்கு கிளாஸ் வச்சிருக்காங்க."

சரி என்றேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஊர் வந்ததும் இறங்கிவிட்டேன். என் பேத்தி என்று கடைசிவரை சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளாவது பொங்கலுக்கு வருகிறார்களா? நேரில் சொன்னார்களா, பஸ்ஸில் தெரிந்ததா?

கயலு, பாடம் நல்லாத்தான் நடத்துற. எனக்குத் தமிழ்லயே சொல்லியிருக்கலாம். போகட்டும், பொங்கலன்று கிளாஸ் முடிந்ததும் உன் புதுப் போட்டோ ஒன்று இந்தப் பதிவுக்குக் கீழே போட்டுவிடு.